முன்பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மெடிக்கல்: விமானியாக விரும்பும் மகனின் தந்தைக்கு

சுவா சூ காங்கில் வசிக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு 21 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, தேசிய சேவையின் கடைசி மாதங்களில் இருக்கிறார். சேவை முடிந்ததும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சியில் சேர இடம் கிடைத்திருக்கிறது. படித்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பி இங்கேயே வேலை தேடுவதாக எண்ணம். மாத இறுதிக்குள் 20,000 வெள்ளி முன்பணம் கட்டச் சொல்கிறார் முகவர். "இப்போதைக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல் போதும், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்லியிருக்கிறார்.

மகனுக்கு இரு கண்களிலும் கிட்டப்பார்வை, சுமார் ஆறு டயாப்டர். மூன்று ஆண்டுகளாக இரவில் மட்டும் அணியும் ஆர்த்தோ-கே லென்ஸ் போடுகிறார். பகலில் கண்ணாடி தேவைப்படுவதில்லை. உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது, புள்ளிகளுக்குள் எண் தெரியும் அட்டைகளில் இரண்டு மூன்றைத் தவறாகப் படித்திருக்கிறார். தாய்மாமனுக்குச் சிவப்பு–பச்சைக் குழப்பம் உண்டு. மூன்று வயதில் கடும் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்து ஓர் இரவு மருத்துவமனையில் இருந்திருக்கிறார். பிறகு ஒன்றுமில்லை.

தந்தை கேட்பவை: லேசிக் செய்துவிட்டுப் போனால் நல்லதா? பதினெட்டு வருடத்துக்கு முந்தைய வலிப்பைப் படிவத்தில் எழுதத்தான் வேண்டுமா? சென்னையில் உறவினர் மூலம் குறைந்த செலவில் மெடிக்கல் எடுக்கலாமா? தேசிய சேவையில் ‘பெஸ் பி1’ என்ற உடற்தகுதித் தரம் வாங்கியவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த மாத இறுதித் தேதி. பணத்தை இப்போது கட்டாதீர்கள். மகனுக்குத் தகுதி இல்லை என்பதால் சொல்லவில்லை. நீங்கள் எழுதியவற்றில் வலிப்பும் கிட்டப்பார்வையும் பெரும்பாலும் ஆவணங்களோடு தீர்ந்துவிடக்கூடியவை. நிறப் பார்வை மட்டும்தான் விடை தெரியாத கேள்வி. அந்த விடையைத் தெரிந்துகொள்ள ஆகும் செலவு உங்கள் முன்பணத்தில் ஒரு சிறு பங்கு. அதைச் செய்யாமல் பணம் கட்டுவது, பெண் பார்ப்பதற்கு முன்பே கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி.

எந்த நாட்டின் சான்று?

விமானியின் மருத்துவச் சான்று, உடம்பு நன்றாக இருக்கிறது என்று யாரோ ஒரு டாக்டர் தரும் பொதுவான கடிதம் அல்ல. அது உரிமத்தோடு சேர்ந்தே இயங்குவது. உரிமத்தை எந்த நாடு தருகிறதோ அந்த நாட்டின் விதிப்படிதான் மருத்துவச் சான்றும் இருக்க வேண்டும். அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ அடிப்படைத் தரங்களை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் அதன்மேல் தன் விதிகளை வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஓரிடத்தில் ஏற்கப்படுவது இன்னோரிடத்தில் கேள்வியாகிறது.

பெர்த்தில் படித்து ஆஸ்திரேலிய உரிமம் வாங்குவதென்றால் அந்நாட்டின் விமானப் பாதுகாப்பு ஆணையமான காசாவின் சான்று தேவை. சென்னையில் எடுக்கும், இந்திய விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏவின் சான்று இந்திய உரிமத்துக்கானது. பெர்த்தில் அதைக் காட்டிப் பயனில்லை. இங்கே கவனிக்க வேண்டியது மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை அல்ல, அவரை எந்த ஆணையம் நியமித்திருக்கிறது என்பதை. காசா நியமித்த மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலும் இருக்கிறார்கள். காசாவின் இணையத்தளத்தில் நாடுவாரியாகத் தேடிப் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. மகன் திரும்பி வந்து இங்கே பறக்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலிய உரிமத்தைச் சிங்கப்பூர் உரிமமாக மாற்ற வேண்டும். அதற்குச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின், வணிக விமானிகளுக்குரிய முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். ஆகவே உங்கள் மகன் தாண்ட வேண்டிய கதவுகள் இரண்டு: படிக்கும் நாட்டுடையது ஒன்று, பிழைக்கும் நாட்டுடையது ஒன்று. பெர்த்துக்குப் போகிறவர்கள் பலரும் முதல் கதவை மட்டுமே பார்க்கிறார்கள். ஒன்றரை ஆண்டும் பெருந்தொகையும் செலவழித்த பிறகு இரண்டாவது கதவின் முன் நிற்கும்போதுதான் அது பூட்டியிருப்பது தெரியவருகிறது.

ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கென்று தனியாக ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. மார்பு எக்ஸ்ரே போன்றவை அதில் வரலாம். அதற்கும் பறப்பதற்கும் சம்பந்தமில்லை. முகவர் "மெடிக்கல் முடிந்துவிட்டது" என்றால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

பெஸ் பி1 பற்றி: தேசிய சேவைக்கான தரம், ராணுவப் பணிகளுக்கு உடல் தாங்குமா என்று பார்ப்பது. விமானி மருத்துவம் வேறொன்றைக் கேட்கிறது. பறந்துகொண்டிருக்கும்போது திடீரென்று செயலிழக்க வாய்ப்புண்டா, விளக்குகளையும் எண்களையும் பிழையின்றிப் பார்க்கவும் கேட்கவும் முடியுமா என்பதே அதன் கவலை. பத்து கிலோமீட்டர் ஓடுபவர் நிற அட்டையில் தேறாமல் போகலாம்.

முகவர் சொன்ன ‘இரண்டாம் வகுப்பு’

அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார். முதல் வகுப்பு வணிக விமானிகளுக்கு, இரண்டாம் வகுப்பு தனிப்பட்ட முறையில் பறப்பவர்களுக்கு, மூன்றாம் வகுப்பு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு. பயிற்சியைத் தொடங்க இரண்டாம் வகுப்பு போதும் என்பது சரியே. சொல்லப்போனால், பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்வரை மாணவருக்குச் சான்றே தேவைப்படாது. முதன்முதலில் தனியாகப் பறக்கும் நாளில்தான் கேட்பார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். பாடங்கள் நடக்கும், மணிக்கணக்கு ஏறும், தவணைகள் போய்க்கொண்டிருக்கும். முதல் வகுப்பு விண்ணப்பம் ஆணையத்தின் மேசையில் ‘மேலதிக அறிக்கை தேவை’ என்ற குறிப்போடு கிடக்கும். வணிக உரிமத்துக்காகப் போகிறவர் முதல் வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

வலிப்பை எழுதத்தான் வேண்டுமா?

எழுத வேண்டும். உங்கள் மைத்துனர் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைப் பதிவு இருக்கிறது. தேசிய சேவைக்கான பரிசோதனையில் மகன் இதே கேள்விக்கு ஏதோ ஒரு பதில் எழுதியிருப்பார். இரண்டு படிவங்கள் முரண்பட்டால் எதை நம்புவது என்ற கேள்வி வரும். தெரிந்தே தவறான தகவல் தருவது பல நாடுகளில் குற்றம். அமெரிக்க விண்ணப்பப் படிவத்தில் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை என்று அச்சிட்டே இருக்கிறது. சிறையைவிட நடைமுறையில் அதிகம் நடக்கக்கூடியது வேறு: பத்து ஆண்டு கழித்து, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயதில், இது வெளிவந்து உரிமம் பறிபோவது. அப்போது வலிப்பு பெரிய விஷயமாக இருக்காது. மறைத்ததே பெரிய விஷயமாகிவிடும்.

இத்தனைக்கும் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், காய்ச்சலோடு சேர்ந்து, உடம்பு முழுவதும் வெட்டி, பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கி, 24 மணி நேரத்தில் மறுபடி வராத வலிப்பை எளிய காய்ச்சல் வலிப்பு என்போம். இது கால்கை வலிப்பு நோய் அல்ல. அமெரிக்காவில், ஐந்து வயதுக்கு முன் வந்து, திரும்ப வராமல், மூன்று ஆண்டுகளாக வலிப்பு மருந்தும் இல்லாமல் இருந்தால் பரிசோதிக்கும் மருத்துவரே சான்று தரலாம். மற்ற ஆணையங்கள் ஆவணம் கேட்கும். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பிசகுவது எங்கே தெரியுமா? விண்ணப்பதாரர் ‘வலிப்பு: ஆம்’ என்று கட்டத்தில் குறியிட்டுவிட்டு விளக்கத்தில் ஒரு வரிகூட எழுதாமல் விடுவார். விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு அது மூன்று வயதுக் காய்ச்சலா, போன வருடம் நடந்ததா என்று தெரியாது. உடனே நரம்பியல் நிபுணர் அறிக்கை, மூளை மின்னலைப் பதிவு (இஇஜி), ஸ்கேன் என்று பட்டியல் வரும், மாதங்கள் ஓடும். எனவே வயது, காய்ச்சலின் அளவு, எத்தனை நிமிடம், ஒரே தடவையா, மருந்து கொடுத்தார்களா, பின்னர் வந்ததா என்பதை நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள். அன்று அனுமதித்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் விடுவிப்புச் சுருக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால் இந்த வாரமே தொடங்குங்கள். மகனின் குழந்தைப் பருவச் சுகாதாரக் கையேடு வீட்டில் எங்காவது இருக்கும், அதையும் தேடி எடுங்கள். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, இது எளிய காய்ச்சல் வலிப்பு, பின்னர் எதுவும் இல்லை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காமல் நீங்களாகவே மூளை ஸ்கேனோ மின்னலைப் பதிவோ எடுக்காதீர்கள். முற்றிலும் ஆரோக்கியமானவர்களுக்கும் பொருளற்ற சிறு மாறுதல்கள் அதில் தெரிவதுண்டு. தெரிந்தால் அதையும் காட்ட வேண்டும், அதற்கும் விளக்கம் தர வேண்டும்.

இரவு லென்ஸும் லேசிக்கும்

இக்காவோ தரப்படி முதல் வகுப்புக்குத் தொலைப்பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வேண்டும். கண்ணாடியோ லென்ஸோ போட்டு இதை எட்டலாம். கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்ற எண்ணம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. உண்மையில் கண்ணாடியோடு பறக்கும் விமானிகள் ஏராளம், கூடவே உதிரிக் கண்ணாடி ஒன்றும் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி இல்லாமல் பார்வை 6/60-ஐவிட மோசமாக இருந்தால் முதல் சான்றுக்கு முன் கண் மருத்துவரின் முழு அறிக்கை கேட்கப்படும். ஆறு டயாப்டர் என்றால் உங்கள் மகன் அந்த வகையில்தான் வருவார்.

இங்கே இரவு லென்ஸ் குழப்பத்தை உண்டாக்குகிறது. ஆர்த்தோ-கே லென்ஸ் கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்குகிறது. காலையில் 6/6 தெரியும். அது கண்ணின் உண்மையான அளவு அல்ல. நான்கு மணிக்குத் தெளிவாகத் தெரிந்தது இரவு பத்து மணிக்கு மங்கலாம், ஓர் இரவு லென்ஸ் போடாவிட்டால் மறுநாள் மாறலாம். விமானிக்கு அது ஒத்துவராது. ஐரோப்பிய விதிகள் இதை நேரடியாகவே தடை செய்திருக்கின்றன. எந்த ஆணையமாக இருந்தாலும் லென்ஸ் போடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். உண்மையான அளவைக் கேட்பார்கள்.

லென்ஸை நிறுத்தினால் கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். அதுவரை பார்வை நாளுக்கு நாள் மாறும். ஒரே கண்ணாடி சரிப்படாது. மகன் இன்னும் சேவையில் இருக்கிறார். வாகனம் ஓட்டும் பணியோ துப்பாக்கி சுடும் பயிற்சியோ இருந்தால் லென்ஸ் கொடுத்தவரிடம் பேசி, இடைக்காலக் கண்ணாடிகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டு நிறுத்தட்டும். சில வார இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் கண் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகே விமானி கண் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

லேசிக் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடி போட்டு 6/6 கிடைக்கிறதென்றால் சான்றுக்காக அறுவை சிகிச்சை தேவையே இல்லை. செய்தால் குணமடையக் காத்திருக்க வேண்டும், அளவு நிலைத்ததற்கு அறிக்கை வேண்டும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதா, ஒளிக்கூச்சம் உண்டா என்ற கேள்விகளும் சேரும். இரவில் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்து இறங்க வேண்டியவருக்கு அவை அற்பமானவை அல்ல. இன்னொன்று: லேசிக் கருவிழியை மட்டுமே மாற்றுகிறது. கடும் கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்ணின் விழித்திரை அப்படியேதான் இருக்கும். அதில் மெலிந்த இடமோ ஓட்டையோ இருக்கிறதா என்று கண்மணியை விரித்துப் பார்ப்பது அவசியம். அந்தச் சொட்டு மருந்து பல மணி நேரம் பார்வையை மங்கவைக்கும். அதே நாளில் மற்ற கண் சோதனைகளை வைத்துக்கொள்ள வேண்டாம், மோட்டார் சைக்கிளில் போகவும் வேண்டாம்.

நிறப் பார்வை

இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். சிவப்பு–பச்சைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. தாய்மாமனுக்கு இருந்தால் அவருடைய அக்கா அல்லது தங்கை வழியாக அந்தப் பெண்ணின் மகனுக்கு வர வாய்ப்புண்டு, வந்தே தீரும் என்பதில்லை. பள்ளி நாளில் இரண்டு மூன்று அட்டைகள் தவறியதை வைத்து முடிவு கட்டவும் முடியாது. கடையின் மஞ்சள் விளக்கில், வெளுத்துப்போன புத்தகத்தில் சோதித்தால் நல்ல கண்ணும் தவறும். முறையாகச் செய்வதென்றால் பகலொளிக்கு இணையான விளக்கு, சுமார் 75 சென்டிமீட்டர் தூரம், ஓர் அட்டைக்குச் சில வினாடி மட்டும். கைப்பேசித் திரையில் பார்ப்பது கணக்கில் சேராது. நீல ஒளி வடிகட்டும் பூச்சோ வெயிலில் கருக்கும் கண்ணாடியோ இல்லாமல், தெளிந்த கண்ணாடியோடு போக வேண்டும். நிறக் குறைபாட்டைத் ‘திருத்தும்’ கண்ணாடிகள் அனுமதிக்கப்படுவதில்லை.

அட்டையில் தேறாவிட்டாலும் ஆஸ்திரேலியாவில் வழி உண்டு. விளக்குச் சோதனை அல்லது கணினிவழிச் சோதனை, அதற்கும் அடுத்ததாக விமானத்திலேயே நடத்தும் செயல்முறைச் சோதனை என்று படிகள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அந்தக் கடைசிப் படியில் தேறியவரை இன்னொரு நாடு ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் மகன் சிங்கப்பூரில் வேலை தேடுபவர். ஆகவே அட்டைகளில் தெளிவாகத் தேறினால் மேலே போகலாம். தேறாவிட்டால், இங்குள்ள ஆணையம் எந்தச் சோதனையின் முடிவை ஏற்கும் என்பதை எழுத்தில் பெறும்வரை ஒரு வெள்ளிகூட வெளியே போகக் கூடாது. இந்த ஒரு சோதனையை முழு மெடிக்கலுக்கு முன்பே மருத்துவமனைக் கண் பிரிவில் தனியாகச் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்வதில் ஒரு நன்மை உண்டு: முறையான விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்டால், பிறகு எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும் ‘முன்பு மறுக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுத வேண்டியிருக்கும். மறுப்பை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கும் உரிமை உண்டு, ஆஸ்திரேலியாவில் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் வரை போகலாம். ஆனால் அது காலமும் காசும் தின்னும் பாதை.

பரிசோதனைக்குப் போகும்போது

காசாவுக்கு முதலில் விமானத்துறை எண் வாங்க வேண்டும், இணையத்தில் கேள்விகளை நிரப்பிக் கட்டணம் செலுத்த வேண்டும், பிறகே மருத்துவரிடம் நேரம் கேட்க வேண்டும். இதயத் துடிப்புப் பதிவு, செவித்திறன் சோதனை, கண் பரிசோதனை, வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்புச் சோதனை எல்லாம் முதல் தடவையில் வரும். பரிசோதிக்கும் மருத்துவர் கையெழுத்துப் போட்டதும் சான்று கிடைத்துவிடாது, முடிவெடுப்பது ஆணையம்.

சேவையில் இருப்பவர் என்பதால் இரண்டு எச்சரிக்கை. துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்த மறுநாள் செவிச் சோதனைக்குப் போகக் கூடாது. காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும், அந்த முடிவு பதிவில் தங்கிவிடும். இக்காவோ அளவுப்படி 500, 1000, 2000 ஹெர்ட்சில் 35 டெசிபலுக்கு மேலும் 3000 ஹெர்ட்சில் 50 டெசிபலுக்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது. காதில் அழுக்கு இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். அதேபோல நெடுநடைப் பயிற்சி முடிந்த கையோடு சிறுநீர் கொடுத்தால் புரதமோ ரத்தமோ தெரிந்து தேவையில்லாத விசாரணை வரும். இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மருந்துப் பட்டியலில் மூக்கடைப்புக்கு எடுக்கும் மாத்திரை, முகப்பரு மருந்து, உடற்பயிற்சிக்கான பொடி, பாட்டி கொடுத்த லேகியம் உட்பட எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒவ்வாமை மாத்திரைகளில் தூக்கம் வரவைப்பவை ஏற்கப்படுவதில்லை; செட்டிரிசினை அமெரிக்கா அந்த வகையில் வைத்திருக்கிறது.

முதல் வகுப்புச் சான்று இந்த வயதில் 12 மாதம் செல்லும். பயிற்சி அதைத் தாண்டும் என்பதால் பெர்த்தில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

முகவரிடம் என்ன சொல்வது?

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் பள்ளி எழுத்து வடிவ ஒப்பந்தம் தர வேண்டும், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனைகள் அதில் இருக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் எசோஸ் சட்டம். ஆனால் மாணவர் மருத்துவத்தில் தேறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று அந்தச் சட்டம் தானாக உறுதி தரவில்லை. ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். ஆகவே முகவருக்குத் தொலைபேசியில் அல்ல, மின்னஞ்சலில் எழுதுங்கள்: மகனின் காசா முதல் வகுப்புச் சான்றும் சிங்கப்பூர் முதல் வகுப்பு மருத்துவ மதிப்பீடும் கிடைத்த பின் முன்பணம் கட்டுகிறோம், அதுவரை இடத்தை வைத்திருக்க முடியுமா? முடியாதென்றால் அடுத்த தொகுதியில் சேர்க்க முடியுமா? இப்போதே கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டில் எது மறுக்கப்பட்டாலும் முழுத் தொகையும் திரும்ப வரும் என்ற வாசகத்தைப் பள்ளியே, முகவர் அல்ல, ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்திட வேண்டும். இந்த வாசகத்தைச் சேர்க்க மறுக்கும் பள்ளிக்கு 20,000 வெள்ளி அனுப்ப நான் யாரையும் சொல்லமாட்டேன்.